காஹிரீ என்போர் யார்?

(போடிநாயக்கனூரில் நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

     

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, உங்கள் ஒப்புதலும் பெறப்பட்டு விட்டது. மதிய உணவுக்கு முன் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். அரசியலோ, சர்ச்சைக்குரிய மஸ்அலாவோ பேச நான் எழுந்து நிற்கவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன். அது ஓர் ஊர் மக்களைக் குறிக்கும் சொல். நம்மில் பலர் கேட்டிராத அபூர்வமான சொல்.

சில மாதங்களுக்கு முன், மாலை மக்தபில் ஓதும் மாணவர் ஒருவர் தம் வீட்டுப் பழைய பெட்டியிலிருந்து ஒரு கிதாபை என்னிடம் கொண்டு வந்தார். ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் அரபுத்தமிழ் நூல் அது. எழுத்து அரபு எழுத்து; மொழி நம் தாய்மொழியாகிய தமிழ். நூலாசிரியரின் பெயரோடு ‘அல்காஹிரீ’, ‘அல்கிர்கரீ’ என்னும் இரு சொற்கள் இருந்தன. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டார்: “சார், காஹிரா என்றால் எகிப்தின் தலைநகரம் அல்லவா? எகிப்து நாட்டு ஆலிம் எப்படித் தமிழில் கிதாபு எழுதினார்?”

நியாயமான வினா. ஆசிரியராகப் பணியாற்றிய பழக்கத்தால், விடையை உடனே சொல்லிவிடாமல், முதலில் இந்தச் சொல் அமைந்த விதத்தை அவருக்கு விளக்கினேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

ஒரு பெயரின் இறுதியில் ‘ஈ’ என்னும் ஓசையைச் சேர்த்து, ‘அதனைச் சார்ந்தவர்’ என்று பொருள்படும் சொல்லை ஆக்குவது அரபு மொழியின் மரபு. இதற்கு ‘நிஸ்பத்’ என்று பெயர். நாம் இதை நாள்தோறும் பயன்படுத்துகிறோம். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் பாகவி. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ. பெங்களூரு ஸபீலுர் ரஷாதில் ஓதியவர் ரஷாதி. நமது இமாம்களின் பெயர்களுக்குப் பின் வரும் இச்சொற்கள் அவர்கள் ஓதிய மதரஸாவைச் சுட்டுகின்றன. ஊரைச் சுட்டும் நிஸ்பத்தும் நமக்குப் புதியதன்று. புகாராவில் பிறந்ததால் இமாம் புகாரி (ரஹ்). திர்மித் நகரத்தவர் என்பதால் இமாம் திர்மிதி (ரஹ்). ஸிரியாவில் உள்ள நவா என்னும் சிற்றூரில் பிறந்ததால் இமாம் நவவி (ரஹ்). ஓர் எளிய கிராமத்தின் பெயர் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் ஓதப்படுகிறது என்றால், அவ்வூரின் பேற்றை என்னென்பது!

இத்தகைய நிஸ்பத்துகளைத் திரட்டி அகராதி போல ஒரு பெருநூலே எழுதியிருக்கிறார்கள். மர்வு நகரைச் சேர்ந்த இமாம் ஸம்ஆனி (ரஹ்) அவர்களின் ‘கிதாபுல் அன்ஸாப்’ அத்தகையது. அன்னார் ஹிஜ்ரி 562, அதாவது கி.பி. 1166இல் மறைந்தார்கள்.

இனி, காஹிரீ என்னும் சொல்லுக்கு வருவோம். அரபு நாடுகளில் இச்சொல்லைக் கேட்போர் எகிப்தின் தலைநகரத்தவர் என்றே பொருள் கொள்வர். ஆனால் நமது நாட்டு அரபுக் கிதாபுகளிலும் அரபுத்தமிழ் நூல்களிலும் அச்சொல் காயல்பட்டினத்தவரைக் குறிக்கிறது. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதிக்கு அருகில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள காயல்பட்டினத்தை நமது ஆலிம்கள் அரபியில் ‘காஹிர் ஃபதன்’ என்று எழுதினார்கள். அவ்வூரார் ‘காஹிரீ’ ஆனார்கள்.

இப்பெயர் வந்ததற்கு இருவகை விளக்கங்கள் உண்டு. எகிப்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் தாய்நகரின் பெயரை இட்டார்கள் என்பது ஊர் மரபு. எகிப்தின் காஹிரா நகரம் எழுப்பப்பட்டது கி.பி. 969இல். எனவே அந்நகரின் பெயரைத்தான் இட்டார்கள் என்றால், அது அந்த ஆண்டுக்குப் பின்னரே நிகழ்ந்திருக்க வேண்டும். மற்றொரு விளக்கம் ஓசையைச் சார்ந்தது. அரபியில் ‘ப’ என்னும் ஒலி இல்லை. அதன் இடத்தில் ‘ஃப’ வரும். பட்டினம் என்பது ‘ஃபதன்’ ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி இப்னு பதூதாவும் நமது கடற்கரைப் பட்டினம் ஒன்றை ‘ஃபத்தன்’ என்றே எழுதியுள்ளார். அதுபோலக் ‘காயல்’ என்னும் தமிழ்ச் சொல், அரபு நாவுக்குப் பழகிய ‘காஹிர்’ என்னும் சொல்லாக வடிவம் பெற்றிருக்கலாம். காஹிர் என்றால் வெற்றி கொள்பவர் என்று பொருள். எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று மட்டும் உறுதி. தமிழகக் கடற்கரைச் சிற்றூர் ஒன்று, உலக முஸ்லிம்களின் அறிவு மொழியில் தனக்கென ஒரு பெயரைப் பெற்றிருந்தது.

அந்தப் பெயரைத் தாங்கியோர் சிறியவர்கள் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் காஹிரீ. ‘அல்லஃபல் அலிஃப்’ என்னும் அரபுப் பாடலை இயற்றிய உமர் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் காஹிரீ. மாணவர் கொண்டு வந்த கிதாபின் ஆசிரியர், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்ட ஸெய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்களும் காஹிரீ.

அதே காயல்பட்டினத்தாரைக் குறிக்கும் இன்னொரு சொல் நம் அனைவருடைய வாயிலும் வழங்குகிறது. பழைய இரும்பும் காகிதமும் வாங்கும் கடையைக் ‘காயலான் கடை’ என்கிறோம். அந்த வணிகத்தில் காயல்பட்டினத்தார் முன்னோடிகளாக இருந்ததால் அப்பெயர் வந்தது என்பர். இங்கே கவனியுங்கள். ஊர் ஒன்றே. கிதாபில் எழுதும்போது ‘அல்காஹிரீ’. தெருவில் பேசும்போது ‘காயலான்’. ‘ஆர்’ விகுதி பெற வேண்டியவர் ‘ஆன்’ விகுதி பெற்றார். பழைய பொருளை வீணாக்காமல் மீண்டும் பயனுக்குக் கொண்டு வந்த நேர்மையான உழைப்பாளி ஒருவரின் ஊர்ப்பெயர், உடைந்த பொருளுக்கு அடைமொழியாகிப் போயிற்று. ஒரு மனிதரை அவருடைய ஊரால் அழைக்கும்போது, நாம் அறிந்தும் அறியாமலும் அவருக்கு ஓர் இடத்தைக் கொடுக்கிறோம். அல்லது இருக்கும் இடத்தைப் பறித்து விடுகிறோம்.

சகோதரர்களே! மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் பெயரில் இரண்டு நிஸ்பத்துகள் இருந்தன என்று சொன்னேன். இரண்டாவதாகிய ‘கிர்கரீ’ என்பது கீழக்கரையைக் குறிக்கிறது. அன்னார் 1816இல் பிறந்தது காயல்பட்டினம். வாழ்ந்து, கற்பித்து, 1898இல் மறைந்தது இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள கீழக்கரை. அவ்வூர்ப் பேரறிஞர் தைக்கா சாஹிப் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களிடம் ஓதி, அன்னாரின் மகளை மணந்ததால் ‘மாப்பிள்ளை’ ஆனார்கள். ஓர் ஊரின் மாப்பிள்ளை என்றாலே வெளியூரிலிருந்து வந்தவர் என்பது புரிகிறதல்லவா? ஆயினும் கீழக்கரை அவர்களை விருந்தாளியாக வைத்துக் கொள்ளவில்லை. தன் ஊர்ப்பெயரையே அவர்களுக்குச் சூட்டியது. அவர்களும் பிறந்த ஊரை மறைக்கவில்லை. காஹிரீ முன்னே, கிர்கரீ பின்னே என்று இரண்டையும் ஏற்றுக் கொண்டார்கள்.

இது அன்னாரின் தனிவிருப்பம் மட்டுமன்று. ஹதீஸ் கலையினர் வகுத்த முறையும் இதுவே. ஒருவர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பெயர்ந்தால், முதல் ஊரை முதலிலும் இரண்டாம் ஊரைப் பின்னும் சொல்ல வேண்டும். இடையில் ‘தும்ம’ என்று சேர்ப்பது நன்று என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். ‘தும்ம’ என்றால் ‘பிறகு’ என்று பொருள். ‘மிஸ்ரீ, தும்ம திமிஷ்கீ’ என்றால், எகிப்தில் இருந்தவர், பிறகு டமாஸ்கஸ்வாசி ஆனவர். ஒருவர் எத்தனை காலம் வாழ்ந்தால் ஓர் ஊரார் ஆவார் என்பதற்கும் அவர்கள் விடை வைத்திருந்தார்கள். ஓர் ஊரில் நான்கு ஆண்டுகள் தங்கியவர் அவ்வூரைச் சேர்ந்தவராகவே குறிக்கப்படுவார் என்பது, ஹிஜ்ரி 181இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்களின் கூற்றாக இமாம் நவவி எடுத்துரைக்கும் கருத்து. நாற்பது ஆண்டுகள் அல்ல, நான்கே ஆண்டுகள்!

பிறப்பை மட்டுமே வைத்து ஊர்ப்பெயர் அமையவில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. ஸுஹைப் (ரலி) அவர்கள் பிறப்பால் அரபியர். சிறு வயதில் ரோமர்களால் சிறைபிடிக்கப்பட்டு அவர்களிடையே வளர்ந்ததால் ‘ரூமீ’ என்று அழைக்கப்பட்டார்கள். புகாரி ஷரீஃபுக்கு விரிவுரை எழுதிய ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் பிறந்ததும் மறைந்ததும் எகிப்தின் காஹிரா நகரிலேதான். ஆயினும் முன்னோரின் ஊராகிய பாலஸ்தீனக் கடற்கரை அஸ்கலானின் பெயரால் ‘அஸ்கலானீ’ என்றே உலகம் அவர்களை அறியும். வளர்ந்த ஊர், வாழ்ந்த ஊர், பாட்டனார் ஊர் என்று எல்லாவற்றுக்கும் இந்த மரபில் இடம் இருந்தது.

நமது பகுதிக்கும் அரபியில் ஒரு பெயர் உண்டு. சோழமண்டலக் கடற்கரையையும் பாண்டிய நாட்டையும் அரபியர் ‘மஅபர்’ என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டில் மதுரையைத் தலைநகராகக் கொண்டிருந்த சுல்தான்களின் அரசை வரலாற்றாசிரியர்கள் மஅபர் சுல்தானியம் என்றே குறிப்பிடுகின்றனர். இங்கிருந்து கேரளம் சென்று பொன்னானியில் பெரும் கல்வி மரபைத் தோற்றுவித்த மக்தூம் குடும்பத்தார் ‘மஅபரீ’ என்று அழைக்கப்பட்டனர். அக்குடும்பத்தின் ஷைகு ஸைனுத்தீன் (ரஹ்) அவர்கள் மறைந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ‘ஃபத்ஹுல் முஈன்’ எழுதிய அன்னாரின் பேரரோ ‘மலைபாரீ’ என்று, அதாவது மலபார்க்காரர் என்று, உலகப் புகழ் பெற்றார்கள். பாட்டனார் மஅபரீ, பேரர் மலைபாரீ. மலபாரிலிருந்து இந்தோனேசியா வரை அந்தக் கிதாபு ஓதப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம்தானே என்று மலபார் மக்கள் அவர்களை ஒதுக்கி வைத்திருந்தால், அந்தப் புகழ் மலபாருக்குக் கிடைத்திருக்குமா?

பெரியோர்களே! இப்பொழுது நமது ஊருக்கு வருகிறேன்.

போடிநாயக்கனூரும் கடந்து செல்லும் துறைதான். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு என்று செல்கிறது. ஏலக்காய்தான் நம் ஊரின் உயிர்நாடி. மலையில் விளைவதும் ஏலம். கீழே நறுமணப் பொருள் வாரியத்தின் விற்பனைக் கூடத்தில் நடப்பதும் ஏலம். தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறுவோர், காய் உலர்த்தும் ஸ்டோர்களில் பணிபுரிவோர், காய் தரம் பிரிக்கும் பெண்கள், சரக்கு வாங்க வருவோர் என்று பலரையும் இந்த ஊர் ஈர்த்துக் கொண்டே இருக்கிறது. கம்பத்தார், உத்தமபாளையத்தார், சின்னமனூரார், பெரியகுளத்தார், மலைக்கு அப்பாலிருந்து இறங்கி வந்தோர் என எல்லோரும் நமது ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கின்றனர்.

ஏலக்காயையே எடுத்துக் கொள்ளுங்கள். உயர்ந்த தரக் காய்க்குச் சந்தையில் என்ன பெயர்? ‘ஆலப்பி கிரீன்’. ஆலப்புழையின் கடற்கரை மணலில் ஏலச்செடி விளைகிறதா? இல்லை. விளைவது நமது தலைக்கு மேல் நிற்கும் மலையில். திருவிதாங்கூர் மன்னராட்சியில் மலைக்காய் ஆலப்புழைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே தரம் பிரிக்கப்பட்டு விற்பனையாயிற்று. அதனால் அந்தப் பெயர். பிறந்த இடம் மலை, பெயர் பெற்ற இடம் ஆலப்புழை. நாம் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கும் காய்க்கே ஒரு நிஸ்பத் இருக்கிறது. அதில் நமக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் மனிதர் என்று வரும்போது மட்டும் நாம் கணக்குப் பார்க்கிறோம்.

ஒரு ஜனாஸாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஊரில் வாழ்ந்து, இங்கேயே பிள்ளைகளுக்கு மணமுடித்துக் கொடுத்த பெரியவர் ஒருவர் வஃபாத்தானார். கபரஸ்தான் வாசலில் நின்ற ஒருவர், கெட்ட எண்ணம் ஏதுமின்றி, “மையித்து எந்த ஊர்க்காரர்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர், “இந்த ஊர் இல்லை, வந்தவர்தான்” என்று விடை சொன்னார். சந்தூக்கைத் தோளில் சுமந்து வந்த மகனின் காதில் அது விழுந்தது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் படித்து, இந்த ஊரில் கடை வைத்திருக்கும் மகன் அவர். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. விடை சொன்னவரும் நல்லவர்தான். குழி வெட்டுவதற்கு முதல் ஆளாக வந்தவர் அவரே. சொல் மட்டும் தவறி விட்டது.

நாம் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின் ஃபிக்ஹு இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒருவருடைய நிலையான ஊருக்கு ‘வதனே அஸ்லீ’ என்று பெயர். அது பிறந்த ஊர் மட்டுமன்று. மணமுடித்துக் குடும்பத்தோடு அமர்ந்த ஊரும், இனி இங்கேயே வாழ்வேன் என்று உறுதி கொண்டு குடியேறிய ஊரும் வதனே அஸ்லீயே. பிறந்த ஊரிலிருந்து முற்றிலும் பெயர்ந்து புதிய ஊரை வதனாக்கிக் கொண்டவர், பழைய ஊருக்குப் பயணியாகச் சென்றால் அங்கே கஸ்ராகத்தான் தொழ வேண்டும். இதற்குச் சான்றாக ‘ஹிதாயா’ எடுத்துக் காட்டுவது யாருடைய வாழ்வை? நமது உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை!

அண்ணலார் (ஸல்) பிறந்தது மக்கா. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனாவை வதனாக்கிக் கொண்டார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து மக்காவை வெற்றி கொண்டு நுழைந்தபோது, பிறந்த மண்ணில், கஃபாவின் நிழலில், பயணியைப் போலக் கஸ்ராகத் தொழுதார்கள். அன்னார் எந்த ஊரார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? பிறந்த ஊர் மீது அன்னாருக்கு இருந்த பாசம் நாம் அறிந்ததே. ஆயினும் திரும்பிச் சென்றது தம்மை ஏற்றுக் கொண்ட அன்ஸாரிகளிடம். இன்று துயில் கொள்வதும் மதீனாவில். அன்ஸாரிகள் ‘வந்தவர்’ என்று ஒரு நாளேனும் நினைத்திருந்தால், அந்த ஊருக்கு ‘மதீனத்துன் நபி’ என்னும் பெயர் நிலைத்திருக்குமா?

மனிதர்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்து கொள்வதற்காகவே என்னும் கருத்தை அல்லாஹ் தன் திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தில் 13ஆம் வசனத்தில் உணர்த்துகிறான். ஊர்ப்பெயரின் பயனும் அதுவே. அறிந்து கொள்ள உதவும் வரை அது அருள். அளந்து தள்ளி வைக்கப் பயன்படுத்தினால் அது நம் மீதே திரும்பும்.

நிர்வாகிகளிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். நமது சந்தாப் பதிவேட்டில் ‘ஊர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நம்மோடு வாழும் சில குடும்பங்களுக்கு அதில் பழைய ஊர் மட்டுமே எழுதப்பட்டுள்ளது. அடுத்த பதிவேடு எழுதும்போது, அந்த மூத்த ஆலிம்களின் வழக்கத்தைப் பின்பற்றி, ‘கம்பம், பிறகு போடி’ என்று எழுதினால் என்ன? பழைய ஊரை அழிக்க வேண்டாம். அது அவர்களின் பாட்டனார் துயிலும் ஊர். போடியையும் மறைக்க வேண்டாம். அது அவர்களின் பேரர்கள் விளையாடும் ஊர். வாக்குரிமை, பொறுப்புகள் போன்றவை ஜமாஅத்தின் விதிகளுக்கும் பொதுக்குழுவின் முடிவுக்கும் உட்பட்டவை. அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. நான் கேட்பது ஒரு சொல்லுக்கான இடம். பேனா மையில் ஒரு துளி. நிக்காஹ் தப்தரிலும் அவ்வாறே எழுதலாம். ஜனாஸா அறிவிப்பில் “நம் ஊர் இன்னார்” என்று சொல்லலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நமது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? சிலர் மலை ஏறி நெடுங்கண்டத்திலும் பூப்பாறையிலும் கடை வைத்திருக்கிறார்கள். சிலர் மதுரையிலும் சென்னையிலும் குடியேறி விட்டார்கள். சிலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அந்த ஊர்களின் பள்ளிவாசல்களில் அவர்கள் இன்று ‘வந்தவர்கள்’. அவர்களை அந்த ஜமாஅத்தார் எப்படி அழைக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நம்மிடம் வந்தோரை நாம் அழைப்போம்.

அந்த மாணவருக்கு இறுதியாக நான் சொன்ன விடை இதுதான்: “தம்பி, இவர் எகிப்து நாட்டவர் அல்லர். காயல்பட்டினத்தில் பிறந்த நம் தமிழ் ஆலிம். பிறகு கீழக்கரையார் ஆனவர்.” அவர் சிறிது நேரம் யோசித்து விட்டு, “அப்படியானால் நான் உத்தமபாளையத்து அத்தாவின் பேரன், பிறகு போடியார், சரிதானே?” என்று கேட்டார். முற்றிலும் சரி என்றேன்.

நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, நம் ஊரை அமைதியும் பரகத்தும் நிறைந்த ஊராக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! நம்மோடு வாழ்ந்து மறைந்த, இந்த ஊராரும், பிறகு இந்த ஊரார் ஆனவர்களுமாகிய அனைவரின் கபர்களையும் அவன் ஒளிமயமாக்குவானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.